மேகி நூறு ரூபா, ஆக்சிஜன் எவ்வளவு?

த்ரெட். கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்துடுங்க.

நாலு நாளா ஒரு ரீல்ஸ் என் டைம்லைன்ல சுத்திட்டே இருக்கு. கொரோனா காலத்துல கொடைக்கானல்ல வீடு எடுத்து, லேப்டாப்பும் மேகமுமா உக்காந்திருந்த ஒருத்தர் சொல்றார்: "லைஃப்லயே பெஸ்ட் நாட்கள். ரூம் வாடகை மட்டும் அநியாயம். ஒரு பிளேட் மேகி நூறு ரூபா!" கீழ கமெண்ட் பூரா "அந்த நாள் திரும்ப வராதா ப்ரோ".

வரவே கூடாதுன்னு மயிலம் முருகனுக்கு வேண்டிக்கிட்டவன் நான். அதனால பதில் சொல்ல எனக்கு உரிமை இருக்கு.

நான் டியூட்டி பார்த்தது முண்டியம்பாக்கத்துல. ஆஸ்பத்திரிக்கு வெளிய வந்தா சென்னை–திருச்சி ஹைவே. சென்னைக்காரர் ஊட்டி போனாலும் கொடைக்கானல் போனாலும் பெரும்பாலும் எங்க வாசலைத் தாண்டித்தான் போகணும். 2020-ல பிபிஇ கிட்டைக் கழட்டிட்டு, ஆறு மணி நேரமா அடக்கி வச்ச ஒண்ணுக்குப் போயிட்டு, வெளிய வந்து நின்னா எதிர்ல இன்னோவா போகும். பின்னாடி கண்ணாடியில கழுத்துத் தலையணை தெரியும். எந்த சாவு வீட்டுக்கு அது?

ஏன்னா அப்ப இ-பாஸ் கெடைக்க மூணே காரணம்தான். கல்யாணம், சாவு, வைத்தியம். அந்த மூணு மாசத்துல தமிழ்நாட்டுல சில தாத்தாக்கள் ரெண்டு மூணு தடவை செத்தாங்க.

எங்க சித்தப்பாவும் போன் பண்ணார். "தம்பி, நெஞ்சுவலின்னு ஒரு லெட்டர் எழுதிக் கொடுடா. ஊட்டிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடறோம், புள்ளைங்க வீட்டுலயே கெடந்து காயுதுங்க."

"சித்தப்பா, ஊட்டியில இருக்கறவனுக்கு நெஞ்சுவலி வந்தா அவன் கோயம்புத்தூருக்கு எறங்கறான். நீங்க நெஞ்சுவலிய தூக்கிட்டு மேல ஏறப் போறீங்களா?"

ஒரு வருஷம் பேசல மனுஷன்.

சிரிப்புக்கு சொல்லல. 2020-ல நீலகிரி மாவட்டத்துல ஒரு அரசு மருத்துவக் கல்லூரி கெடையாது. கொடைக்கானல் இருக்கற திண்டுக்கல் மாவட்டத்துலயும் கெடையாது. 2022 ஜனவரியில திறந்த 11 கல்லூரிகள்லதான் ரெண்டும் வந்துச்சு. ஊட்டியில 700 படுக்கையோட புது ஆஸ்பத்திரி திறந்தது 2025 ஏப்ரல்ல. நூறு வருஷத்துக்கு மேல டூரிஸ்ட் வந்துட்டுப் போற ஊரு இது.

அந்த ஊருக்குத்தான் இருமலோட "ரெஃப்ரெஷ்" ஆகப் போனோம்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்ல. ஆஸ்திரியாவுல இஷ்கல்னு ஒரு பனிச்சறுக்கு ஊரு, ஜனத்தொகை சுமார் 1,600. 2020 மார்ச் 5-லயே ஐஸ்லாந்து "அங்கேர்ந்து திரும்பி வர்றவங்களுக்கு தொற்று இருக்கு"ன்னு எச்சரிச்சாச்சு. சீசன் காசு. மார்ச் 13-லதான் அந்தப் பள்ளத்தாக்கை அடைச்சாங்க. அதுக்குள்ள ஐரோப்பா பூரா பார்சல் போயாச்சு. ஏப்ரல்ல இன்ஸ்புருக் மருத்துவப் பல்கலைக்கழகம் அந்த ஊர்க்காரங்க ரத்தத்தை எடுத்துப் பார்த்தா 42 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி. டூரிஸ்ட் வீட்டுக்குப் போயிட்டான், கிளாஸ் கழுவினவன் அங்கதான இருக்கணும்!

இப்ப என் உண்மையான கோவத்துக்கு வரேன்.

2020 மே 5, கோயம்பேடு மார்க்கெட்டை மூடினாங்க. அங்க மூட்டை தூக்கினவங்க கூலி போய், கெடைச்ச லாரியில ஏறி விழுப்புரம், கடலூர், அரியலூர்னு சொந்த ஊருக்கு வந்தாங்க. எங்க வார்டு நெறைஞ்சுது. அவங்களை என்ன சொன்னோம்? "கொரோனாவ கொண்டு வந்துட்டானுங்க." தெருவுல முள்ளு வெட்டிப் போட்டு மறிச்சோம். ஒருத்தர் எங்கிட்ட கேட்டார், "சார், எங்க வீட்டுக்கு நான் போகக் கூடாதா?"ன்னு. எங்கிட்ட பதில் இல்ல.

அதே நாம, 2021 ஜூலையில மணாலியில நெரிசல்னு போட்டோ வந்தப்ப மீம்ஸ் போட்டு சிரிச்சோம். மலைவாசஸ்தலக் கூட்டத்தைப் பத்தி பிரதமரே கவலைப்பட வேண்டி வந்துச்சு. லாரியில வந்தவன் பரப்பறவன், இன்னோவால போனவன் பயணி. வைரஸுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, நமக்குத்தான் தெரிஞ்சுது.

"செலவு"ன்னு பேசறீங்களா, பேசுவோம். 2021 மே மாசம் ஹை ஃப்ளோ மெஷின்ல ஒரு பேஷன்ட்டுக்கு நிமிஷத்துக்கு 60 லிட்டர் வரைக்கும் ஆக்சிஜன் போகும். ஒரு பெரிய சிலிண்டர்ல சுமார் 7,000 லிட்டர். நீங்களே வகுத்துப் பாருங்க. ரெண்டு மணி நேரம் கூட தாங்காது. இன்னொரு பக்கம் கீழ்ப்பாக்கத்துல ரெம்டெசிவிருக்கு ராத்திரி பகலா க்யூ. அந்த மருந்து வேணாம்னு உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பர்லயே சொல்லியாச்சு. தாலிய வித்து வாங்கிட்டு வந்த அம்மாகிட்ட இதை எந்த வாயால சொல்ல? போட்டேன். நானும் போட்டேன்.

"டாக்டர், மாசக் கடைசியில சம்பளம் வாங்கிட்டு பேசாதீங்க, டூரிஸ்ட் வராம மலை மக்கள்தான் பட்டினி கெடந்தாங்க"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நியாயமான கேள்வி. 2020, 2021 ரெண்டு வருஷமும் ஊட்டி மலர் கண்காட்சி நடக்கல. படகு இல்ல, ஸ்வெட்டர் கடை இல்ல. அரிசி கார்டுக்கு முதல் வருஷம் 1,000 ரூபா, அடுத்த வருஷம் ரெண்டு தவணையில 4,000. கொடைக்கானல் ஏரிக்கரையில குதிரை வச்சிருக்கறவர் இதுல தான் சாப்பிடறதா, குதிரைக்கு கொள்ளு வாங்கறதா? ஊரை மூடினது தப்பில்ல. மூடச் சொன்ன நாம அதுக்கான காசைக் கொடுக்காததுதான் தப்பு. அந்த வருஷம் மேகி நூறு ரூபாய்க்கு வித்தவர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. விக்கிரவாண்டி பக்கத்துல பஸ் நிக்கற மோட்டல்ல எந்தத் தொற்றும் இல்லாமலே அந்த ரேட்டு வாங்கறான்.

இப்ப ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஐகோர்ட் உத்தரவுல 2024 மே 7-லேர்ந்து மறுபடி இ-பாஸ். இந்த தடவை வண்டி நெரிசலுக்கு. அதுக்கே "டார்ச்சர்"னு ட்வீட்.

போன வாரம் சித்தப்பா போன் பண்ணார். "தம்பி, லெட்டர் எல்லாம் வேணாம்டா. அந்த இ-பாஸ் லிங்க் மட்டும் அனுப்பு."

அனுப்பிட்டேன். பிரஷர் மாத்திரை எடுத்துட்டுப் போகச் சொன்னேன்.