தண்ணீர் குடித்த வண்டி

பழைய கார் வாங்க நினைக்கும் குடும்பத்தினர் நம்மிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் மூன்று. எந்த நிறுவனத்து வண்டி நல்லது? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கலாம்? என்ன விலை கொடுக்கலாம்? மூன்றும் நியாயமான கேள்விகளே. ஆனால் சென்னையில் வாழ்வோர் இவை அனைத்துக்கும் முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்க மறந்த ஒரு குடும்பத்தின் கதையிலிருந்தே இம்மாதம் தொடங்குகிறோம்.

மயிலாப்பூரில் வாழும் அக்குடும்பத்தை நாம் நன்கறிவோம். தலைவர் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். உடல் நலிந்த மாமியாரை வாரம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டிய நிலை. ஆட்டோவில் ஏறி இறங்க அம்முதியவரால் இயலவில்லை. ஆகவே 2024-ஆம் ஆண்டின் கோடையில், சேமிப்பில் பெரும்பகுதியை எடுத்துப் பழைய கார் ஒன்றை வாங்கினார்கள். விற்றவர் அயலார் அல்லர், முகமறிந்தவரே. வண்டியோ பளபளவென்றிருந்தது, ஓடிய தூரமும் குறைவு. நான்கு மாதம் கழிந்தது. ஒருநாள் மாமியாருடன் அடையாற்றுத் திரு.வி.க. பாலத்தின்மேல் சென்றுகொண்டிருக்கையில், இன்ஜினுக்குள் படாரென்று ஓர் ஓசை. வண்டி நின்றது, எண்ணெய் பாலத்தில் வழிந்தது. நண்பகல் வெயிலில் அம்மூதாட்டி முக்கால் மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது.

இன்ஜினைத் திறந்து பார்த்த மெக்கானிக், முறிந்து கிடந்த இரும்புத் தண்டைக் கையில் கொடுத்து, "ஐயா, இது தண்ணீர் குடித்த வண்டி" என்றார். 2023 டிசம்பரில் அது அடித்தள நிறுத்துமிடத்தில் மூழ்கிக் கிடந்த செய்தி அதன் பின்னரே தெரிய வந்தது. விற்றவர் பொய் சொன்னாரா? இல்லை. அவர் சொல்லவில்லை, இவர் கேட்கவில்லை. அவ்வளவே!

நம் நகரத்தின் அண்மைக்கால வரலாற்றை அறிந்தோர் இதில் வியப்படைய மாட்டார்கள். 2015 டிசம்பர் 1, 2 ஆகிய நாட்களில் அடையாறு கரை கடந்து கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்தபோது, அங்கே நின்ற வண்டிகளும் மூழ்கின. 2023 டிசம்பர் 3, 4 ஆகிய நாட்களில் மிக்ஜாம் புயலின் மழை வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளை ஏரியாக்கிற்று. அவ்வண்டிகள் எல்லாம் உடைக்கப்பட்டுவிடவில்லை. கழுவி, உலர்த்தி, புது உறை தைத்து, பல வண்டிகள் மறு கைக்கு மாறின.

தண்ணீர் இன்ஜினுக்குச் செய்யும் தீங்கு யாது? இன்ஜினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலெழும்போது அங்குள்ள காற்றை அழுத்துகிறது. காற்று அழுந்திக் கொடுக்கும், தண்ணீர் அழுந்தாது. வெள்ளத்தில் நிற்கும் வண்டியைப் பதற்றத்தில் ஒருவர் முடுக்கினால், உள்ளே இழுக்கப்பட்ட தண்ணீரின்மீது பிஸ்டன் மோதுகிறது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு என்னும் தண்டு வளைந்துவிடுகிறது. சிறிதே வளைந்த தண்டோடு வண்டி பல மாதம் ஓடும். பிறகு ஒருநாள் முறிந்து, இன்ஜினின் பக்கச்சுவரையே துளைத்துக்கொண்டு வெளிவரும். மயிலாப்பூர்க் குடும்பத்துக்கு நேர்ந்தது இதுவே.

முன்னாளில் அம்பாசடரோ, பியட்டோ, நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டோ நனைந்தால், தெருமுனைப் பட்டறையில் அக்கக்காகப் பிரித்து, துடைத்து, எண்ணெயிட்டுப் பூட்டிவிடுவார்கள். இன்றைய வண்டிகளின் இன்ஜினை ஆள்வது ஒரு சிறு கணினி. அதன் இணைப்பு ஊசிகளில் பிடிக்கும் பாசி நாளடைவில் ஒவ்வொரு கோளாறாகக் கிளப்பும். காரணம் எளிதில் புலப்படாது.

ஆதலால் வண்டி பார்க்கப் போகிறவர் முதலில் இன்ஜினைப் பார்க்கவேண்டாம். சீட் பெல்ட்டை முழுதும் வெளியே இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் இருக்கும் கடைசி முழத்தைக் கழுவ எவரும் நினைப்பதில்லை. அங்கே சேற்றுக்கறை இருந்தால் அதுவே சாட்சி. இருக்கைகள் நகரும் தண்டவாளத்தில் துரு, தரை விரிப்பின் அடியில் வண்டல், உபரிச் சக்கரம் வைக்கும் குழியில் நீர் நின்ற கோடு, முன்விளக்கின் கண்ணாடிக்குள் பனிமூட்டம், மழைக்காலத்துத் துணிமூட்டையின் வாடை, அவ்வாடையை மறைக்கும் மிகையான வாசனைத் தெளிப்பு, இவையும் அப்படியே.

காகிதங்களும் பேசும். பழைய காப்பீட்டுப் பத்திரங்களை ஆண்டு வாரியாகக் கேட்டு வாங்குங்கள். இழப்பீடு கோராத உரிமையாளருக்கு ஆண்டுதோறும் 20, 25, 35, 45, 50 விழுக்காடு என ஏறிச்செல்லும் சலுகை ஒன்று உண்டு. இழப்பீடு பெற்றால் அடுத்த புதுப்பித்தலில் அது பொதுவாகச் சுழியத்துக்கு இறங்கிவிடும். 2023 டிசம்பருக்குப் பிந்திய பத்திரத்தில் அச்சலுகை திடீரென மறைந்திருந்தால், காரணம் கேட்பதில் தவறில்லை. விபத்தாகவும் இருக்கலாம், வெள்ளமாகவும் இருக்கலாம்.

இனி இன்ஜினுக்கு வருவோம். விற்பவர் வீட்டுக்குக் காலையிலேயே சென்று, பானட்டின்மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்னரே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த இன்ஜின் முதல் முடுக்கில் எப்படி எழுகிறது என்பதே அதன் உண்மையான உடல்நிலை. புகைக் குழாயிலிருந்து நீலப்புகை வந்தால் இன்ஜின் எண்ணெயை எரிக்கிறது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். கரும்புகை, எரிபொருள் மிகுதியாக எரிவதன் அடையாளம். குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வெண்ணீராவி வருவது இயல்பே. இன்ஜின் சூடேறிய பின்னும் வெண்புகை அடர்ந்து வந்தால், குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது. இன்ஜின் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உட்புறம் பால் கலந்த காப்பியின் நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் எண்ணெயோடு தண்ணீர் கலந்துள்ளது. அங்கேயே விடைபெற்றுத் திரும்புவது நலம்.

பின்னர் ஓட்டிப் பாருங்கள். ஆளில்லாச் சாலையில் ஒரு சுற்று போதாது. மாலை நெரிசலில் தியாகராய நகர் உஸ்மான் சாலையில் குளிர்சாதனத்தை இயக்கியபடி ஊர்ந்து செல்லுங்கள். வெப்பமானியின் முள் நடுவிலேயே நிற்கவேண்டும். ஏறத் தொடங்கினால் ரேடியேட்டர், விசிறி, நீர்ப் பம்பு ஆகியவற்றில் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது. கோடம்பாக்கம் மேம்பாலத்தின் ஏற்றத்தில் கிளட்ச் வழுக்குகிறதா என்று கவனியுங்கள். இன்ஜின் இரைந்தும் வேகம் கூடவில்லையெனில் வழுக்குகிறது. இறுதியாகத் திருவான்மியூரைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சீரான வேகத்தில் சிறிது தூரம் செல்லுங்கள்.

டீசல் வண்டியை விரும்புவோருக்கு ஒரு சொல். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்த பின் தயாரான டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஓடும்போது ஏற்படும் சூட்டில்தான் அது தன்னைத்தானே எரித்துத் தூய்மை செய்துகொள்ளும். மந்தைவெளியிலிருந்து பள்ளிக்கும் கோவிலுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். குறுந்தூரக் குடும்பத்துக்குப் பெட்ரோலே ஏற்றது.

மெக்கானிக்கை நீங்களே அழைத்துச் செல்லுங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். அவருக்குரிய கூலியை வண்டி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கொடுத்துவிடுங்கள். அப்போதுதான் "வேண்டாம்" என்று சொல்ல அவருக்கும் மனம் வரும்.

இவ்வளவும் செய்த பின்னரும், தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட அந்த ஒரு கேள்வியை வாய்விட்டுக் கேளுங்கள்: "இந்த வண்டி எப்போதாவது வெள்ளத்தில் நின்றதா?" முகமறிந்தவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும். அக்கூச்சந்தான் மயிலாப்பூர்க் குடும்பத்தின் சேமிப்பைக் கரைத்தது. விடையை விற்பனைச் சீட்டில் ஒரு வரியாக எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்குகிறவரின் தயக்கமே உங்களுக்கு விடை.

இது வாங்குவோருக்கு. ஆனால் வாசகர்களே, இன்று வாங்குகிறவர் நாளை விற்கிறவரும் ஆவார் என்பதை நாம் மறக்கலாகாது. தியாகராய நகரில் நாம் அறிந்த மற்றொரு வீட்டார், 2015-இல் நனைந்த தங்கள் வண்டியை மறு ஆண்டு விற்றார்கள். எதுவரை தண்ணீர் ஏறியது, எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை என்பதை ஒரு தாளில் எழுதி, பட்டறை ரசீதுகளோடு கையில் கொடுத்தார்கள். விலை குறைந்தது உண்மையே. வாங்கிய இளைஞர் எஞ்சிய பழுதுகளைச் செய்து முடித்து, அறிந்தே அவ்வண்டியைப் பல ஆண்டு ஓட்டினார். இரு வீட்டாரும் இன்றும் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசுகிறார்கள். மயிலாப்பூரிலோ, ஒரே தெருவில் எதிர்ப்படும் இருவர் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள்.

விற்ற பின் பெயர் மாற்றத்தையும் வாங்கியவர் பொறுப்பென்று விட்டுவிடவேண்டாம். படிவம் 29, 30 ஆகியவற்றில் கையொப்பமிட்டு, மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிப்பது விற்றவரின் சட்டக் கடமை. பதிவேட்டில் பெயர் மாறாதவரையில், விபத்து நேர்ந்தால் பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது.

இன்ஜினில் தேய்ந்த வளையத்தை மாற்றலாம். வளைந்த தண்டையும் மாற்றலாம். அவற்றுக்குப் பட்டறை உண்டு. சொல்லவேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்ட பழுதுக்கு எந்தப் பட்டறையும் இல்லை.