வதந்தி மலையில் பிறக்கவில்லை

'மலைக்காரர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது. ஊசி என்றாலே ஓடுவார்கள்' என்று கொரோனா காலத்தைப் பற்றி இன்னமும் பேசுகிறவர்களைக் கேட்கிறேன்: ஊசி ஆளைக் கொல்லும் என்ற வதந்தி எங்கே பிறந்தது?

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-ல் சென்னையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17-ல் மாரடைப்பால் இறந்தார். ஊசிதான் கொன்றது என்ற பேச்சைக் கிளப்பியது புதூர்நாட்டு மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகளா? படித்தவர்களின் கைப்பேசிகள்தான் அதை ஊரெங்கும் பரப்பின. மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் குழு சொன்னபோது அக்டோபர் ஆகிவிட்டது. ஆறு மாதம்!

சாமை விளைச்சல் வயிற்றுக்குப் போதாமல் காபித் தோட்டங்களுக்கும் கட்டட வேலைக்கும் மலையிறங்கிப் போகிறவை இந்தப் பழங்குடிக் குடும்பங்கள். போன இடத்தில் பாஷை வேறு. கேட்டுத் தெளிய பழகின நர்ஸம்மா இல்லை. ஊரிலிருந்து வரும் குரல் பதிவைத் தகரக் கொட்டகை வாசலில் ஸ்பீக்கரில் போட்டு நாலு பேர் குனிந்து கேட்கிறார்கள். அது மாமன் மச்சான் குரல். நம்பாமல் என்ன செய்வார்கள்? ஊசி போட்டுக் காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தால் கூலியை யார் தருவது? இதை அறியாமை என்பவர் தினக்கூலியில் ஒரு வாரம் வாழ்ந்ததில்லை.

திட்டுவதை விடுங்கள். மலையின் பிள்ளைகளையே செவிலியர்களாக்குங்கள். வதந்தி வந்த அன்றே, அவர்கள் குரலிலேயே, மறுப்பும் அந்தக் கொட்டகைக்குப் போய்ச் சேரட்டும்.