மஞ்சளும் வாய்ப்புற்றும்

மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்க்குமின் வாய்ப்புற்று நோயைத் தீர்க்கும் என்ற பேச்சு ஜனங்களிடையே பலமாக அடிபடுகிறது. நம் வீட்டு அம்மியில் அரைபடும் பொருளை உலக விஞ்ஞானிகள் ஆராய்வது குறித்து நாம் மகிழ்ச்சியே அடைகிறோம். ஆனால் அபிமானம் வேறு, அத்தாட்சி வேறு.

புண்ணாற்றும் மருந்தென மஞ்சளுக்கு 1995ல் அமெரிக்காவில் அளிக்கப்பட்ட பேடண்ட் உரிமையை, நமது விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிக் கவுன்ஸில் எதிர்த்து வாதாடி, 1997ல் ரத்துச் செய்வித்தது. அவ்வெற்றி மேடை முழக்கத்தால் வந்ததன்று. பழைய நூல்களைச் சாட்சியமாக வைத்ததனால் வந்தது. இவ்விஷயத்திலும் நாம் சாட்சியத்தையே கேட்கவேண்டும்.

சோதனைச்சாலையில் குர்க்குமின் புற்றணுக்களின் வளர்ச்சியைத் தடுப்பது மெய்யே. ஆயின் உட்கொண்டதில் மிகச் சொற்பமே இரத்தத்தில் கலக்கிறது. வாயில் வெண்திட்டு கண்ட 223 பேரைக் கொண்டு நம் நாட்டில் நடந்த சோதனையின் முடிவு 2016ல் வெளியாயிற்று. நாள்தோறும் 3.6 கிராம் வீதம் 6 மாதம் குர்க்குமின் உண்டோரில் நூற்றுக்கு 67.5 பேருக்கும், மருந்தற்ற போலிக் குளிகை உண்டோரில் 55.3 பேருக்கும் குணம் தென்பட்டது. வித்தியாசம் நம்பிக்கைக்கு இடந்தருகிறது. எனினும் வெண்திட்டு புற்றன்று. புற்றாக மாறக்கூடிய முன்னிலையே. மூண்டுவிட்ட புற்றை மஞ்சள் தீர்க்கும் என்பதற்கு இது சாட்சியமாகாது.

தாவரப்பொருள் தீங்கே செய்யாதென வாதிப்பவர்களும் உளர். காரட்டின் நிறப்பொருளாகிய பீட்டா கரோட்டினைப் பின்லாந்தில் புகைபிடிப்போருக்குக் கொடுத்தபோது, நுரையீரல் புற்று குறையவில்லை, அதிகரித்தது என்று 1994ல் வெளியான முடிவை அவர்கள் சிந்திப்பார்களாக.

ஆறாத புண்ணை வாயில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மஞ்சள் குளிகை விழுங்குகிறவன் இழப்பது காசு மட்டுமன்று. சஸ்திர சிகிச்சையால் பிழைக்கக்கூடிய காலத்தையே இழக்கிறான். திருவனந்தபுரம் ஜில்லாவில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று வாயைப் பரிசோதித்ததன் பலனாக, புகையிலை, மதுப் பழக்கமுள்ளோரிடையே வாய்ப்புற்று மரணம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்ததென 2005ல் ருசுவாயிற்று. இதற்கு விலையுயர்ந்த யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு விளக்கும் பழகிய கண்ணும் போதும்.

ஆகவே, சர்க்கார் குர்க்குமின் ஆராய்ச்சிக்குத் தாராளமாகப் பொருளுதவி அளிக்கட்டும். ஊர்தோறும் வாய்ப்பரிசோதனையை ஏற்படுத்தட்டும். ருசுவாகாத மருந்தைப் புற்றுக்கு மருந்தென விற்போரைத் தயவின்றித் தண்டிக்கட்டும். தேசத் தொண்டர்களும் புகையிலையையும் பாக்கையும் விடும்படி ஜனங்களிடம் பிரசாரம் செய்யவேண்டும். ஏழை நோயாளியின் உயிரைப் பணயம் வைத்துத் தேசப் பெருமை பேசுவது தேசபக்தியாகாது.