காஞ்சிபுரம் பட்டு: நாம காசு கொடுக்கிறது சேலைக்கா, பேருக்கா?

முகூர்த்த நாட்கள் நெருங்கிவிட்டால் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. சென்னை, வேலூர், புதுச்சேரி, பெங்களூரு என்று நாலா பக்கமிருந்தும் வேன் பிடித்து வந்து இறங்குகிறார்கள் கல்யாண வீட்டார். காமாட்சியம்மன் தரிசனம் முடிந்ததும் அடுத்த நிறுத்தம் பட்டுக்கடை. எந்தக் கடை என்பது பெரும்பாலும் வீட்டிலேயே முடிவாகிவிட்ட விஷயம். "எங்கம்மா கல்யாணத்துக்கும் அங்கதான் எடுத்தோம்" என்று பெண்ணின் அம்மா சொல்லிவிட்டால், அதற்கு மேல் பேச்சே இல்லை.

ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று பில் போடும் இடத்தில், "இது கைத்தறியா? கோர்வையா? ஜரிகையில வெள்ளி எவ்வளவு?" என்று கேட்பவர்கள் எத்தனை பேர்? ஒரு கிராம் தங்கம் வாங்கினால் ஹால்மார்க் எங்கே என்று தேடுகிற நாம், பட்டு விஷயத்தில் மட்டும் போர்டில் இருக்கும் பெயரைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

அந்தப் பேர் எங்கிருந்து வந்தது?

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பேர் அதற்கு முன்பே பெரியது. அதை வளர்த்ததில் நெசவாளருக்கு எவ்வளவு பங்கோ, கிட்டத்தட்ட அவ்வளவு பங்கு ரசிகர்களுக்கும் உண்டு.

எம்.எஸ்.சுப்புலட்சுமி மேடையில் உடுத்திய நீலப் பட்டை நினைத்துப் பாருங்கள். காஞ்சிபுரத்தைச் சேர்ந்த முத்து செட்டியார் அவருக்காக உருவாக்கிய அந்த நிறத்துக்கு 'எம்.எஸ். நீலம்' என்றே பேர் நிலைத்துவிட்டது. கச்சேரிக்குப் போன பெண்கள் பாட்டை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, நிறத்தைக் கொண்டுவரலாம் இல்லையா? அப்படிக் கேட்டு வாங்கினார்கள். பிறகு சினிமா அந்த வேலையை எடுத்துக்கொண்டது. நடிகை பேரில், படத்தின் பேரில் சேலை வராத தீபாவளி குறைவு.

கடைகளும் சும்மா இருக்கவில்லை. காஞ்சிபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட நல்லி குடும்பம் 1928-ல் சென்னை தியாகராய நகரில் கடை போட்டதும், பட்டு எடுக்க ரயிலேறிப் போக வேண்டிய அவசியம் சென்னைவாசிகளுக்குக் குறைந்தது. 2008 ஜனவரியில் தி சென்னை சில்க்ஸ் விற்ற ஒரு பட்டுச் சேலையின் விலை 39,31,627 ரூபாய். ரவிவர்மாவின் ஓவியங்கள் 11-ஐ நெசவிலேயே கொண்டுவந்திருந்தார்கள். உலகின் விலை உயர்ந்த சேலை என்று கின்னஸிலும் ஏறியது. அதை யார் உடுத்தினார், எத்தனை முறை உடுத்தினார் என்பதா முக்கியம்? பேப்பரில் வந்தது, டிவியில் வந்தது. பட்டு என்றால் விலைக்கு எல்லையே இல்லை என்ற எண்ணம் மனசில் பதிந்தது.

சுருட்டு சொல்லும் பாடம்

பேர் ஒரு பக்கம், பொருள் ஒரு பக்கம் என்று பிரிந்துபோவதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. பட்டிலிருந்து சுருட்டுக்குத் தாவுகிறோமே என்று நினைக்க வேண்டாம், காரணம் இருக்கிறது.

விக்டோரியா மகாராணி காலத்தில் இங்கிலாந்து வரை ஓடிய சரக்கு 'டிரிச்சினாபொலி' சுருட்டு. 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே, கீழே கிடக்கும் சாம்பலைப் பார்த்து "இது திருச்சி சுருட்டு" என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். அவ்வளவு பிரபலம். ஆனால் அந்தப் புகையிலை விளைந்தது திண்டுக்கல் பக்கம். பேர் மட்டும் திருச்சிக்குப் போனது. திண்டுக்கல்காரர்களுக்கு அந்த வருத்தம் இருந்திருக்கும்!

வின்ஸ்டன் சர்ச்சில் நம் சுருட்டைத்தான் பிடித்தார் என்பது திருச்சியில் இன்றும் பெருமையாகச் சொல்லப்படும் கதை. ஆனால் அந்தப் பேரை வைத்துக் காசு பார்த்தது யார்? கியூபாவின் ரோமியோ ஒய் ஜூலியட்டா. நீளமான சுருட்டு ஒன்றுக்கு 'சர்ச்சில்' என்று பேர் வைத்தது. இன்று உலகம் முழுக்க அந்த அளவு சுருட்டுக்கே 'சர்ச்சில்' என்றுதான் பேர். சரக்கு நம்மிடமும் இருந்தது. பேரை விற்கத் தெரிந்தது அவர்களுக்கு.

அதே கியூபாவின் கோஹிபா இன்னும் வேடிக்கை. 1966-ல் ஃபிடல் காஸ்ட்ரோவுக்கும் அவர் பரிசளிக்கும் தலைவர்களுக்கும் மட்டும் என்று தொடங்கியது, 1982-லிருந்துதான் வெளியில் விற்பனை. 'எல்லாருக்கும் கிடைக்காது' என்பதே அதற்கு விளம்பரம். அமெரிக்காவில் கியூபா சரக்குக்குத் தடை என்பதால், வேறொரு கம்பெனி டொமினிக்கன் குடியரசில் சுற்றிய சுருட்டை அதே கோஹிபா பேரில் அங்கே விற்றது. பல வருடங்களாக வழக்கு. ஒரே பேர், இரண்டு நாடு, இரண்டு இலை, இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்காத ரசிகர்கள்.

சுருட்டுக்கு மார்க் போடும் பத்திரிகைகள், இடுப்பில் ஒட்டிய காகிதப் பட்டையைக் கழற்றிவிட்டுத்தான் சோதிக்கின்றன. பட்டை தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும் என்று அவர்களுக்கே தெரியும். (புகையிலை உயிரைக் குடிக்கும். இதை ஆசை காட்டச் சொல்லவில்லை.)

பட்டுச் சேலையிலிருந்தும் கடைப் பேர் அச்சடித்த பெட்டியையும் பையையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

சேலைக்குள் காஞ்சிபுரம் எங்கே இருக்கிறது?

இந்த ஊரில் மல்பெரித் தோட்டம் கிடையாது. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. காஞ்சிபுரத்திலேயே அரசின் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் இருந்தாலும், சந்தையில் புழங்கும் ஜரிகையில் பெரும்பங்கு குஜராத்தின் சூரத் சரக்கு. நூலும் வெளியூர், ஜரிகையும் வெளியூர். அப்படியென்றால் காஞ்சிபுரம் என்பது என்ன? சாயம் போடும் பக்குவம், பாவு ஓட்டும் கை, தறியில் உட்காரும் நெசவாளர். அவ்வளவுதான். அந்தக் கையை எடுத்துவிட்டால் சேலையில் காஞ்சிபுரம் என்று சொல்ல எதுவுமே இல்லை.

அந்தக் கை என்ன செய்கிறது என்பதற்குக் கோர்வை ஒன்றே போதும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் பின்னால் தைத்து ஒட்டுவதில்லை. நெய்யும்போதே ஒவ்வொரு இழையாகக் கோத்துக்கொண்டு போகிறார்கள். மூன்று நாடா ஓடும். ஒருவர் தறியில் இருக்க, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கிக் கொடுக்க வேண்டும். முந்தானைக்கு வேறு நிறம் என்றால் 'பிட்னி' போட வேண்டும், அதாவது பழைய பாவு நூல் ஒவ்வொன்றோடும் புது நூலை இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான நூல்! சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை.

இரண்டு பேர் வேலை என்பதால்தான் கோர்வை குறைந்துகொண்டே வருகிறது. கூட உட்கார ஆள் இல்லை, அந்த ஆளுக்குக் கூலி கட்டுபடியாகவில்லை. ஒற்றை ஆளாக ஜக்கார்டு வைத்து, கரையும் உடலும் ஒரே ஊடையில் நெய்த சேலைகள்தான் இன்று அதிகம் கண்ணில் படுகின்றன. அதுவும் கைத்தறிதான், அதிலும் உழைப்பு இருக்கிறது. ஆனால் கோர்வை விலைக்கு அதை வாங்கினால், இல்லாத ஒரு ஆளின் கூலியையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள்.

இன்னொரு பக்கம் விசைத்தறி. சில ரகச் சேலைகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று 1985-லேயே மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. புவிசார் குறியீட்டைப் பொய்யாகப் பயன்படுத்தினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை என்று இன்னொரு சட்டம் சொல்கிறது. சட்டத்துக்குக் குறைவில்லை. விசைத்தறிச் சேலையைக் காஞ்சிப் பட்டு என்று விற்கிறார்கள் என்ற நெசவாளர்களின் புகாருக்கும் குறைவில்லை.

ஆரணிப் பட்டுக்கும் திருபுவனம் பட்டுக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு இருக்கிறது. இரண்டுமே நல்ல நெசவு. ஆனால் 'காஞ்சிபுரம்' என்ற பேருக்குக் கிடைக்கும் விலை அவற்றின் சொந்தப் பேருக்குக் கிடைக்காது. திண்டுக்கல் இலை திருச்சி பேரில் போன அதே கதைதான்.

முத்திரை இருந்தா போதுமா?

இங்கேதான் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். 'சில்க் மார்க்' ஹாலோகிராம் இருந்தால் அது சுத்தப் பட்டு நூல், அவ்வளவுதான் அர்த்தம். கையால் நெய்ததா, மெஷினா, எந்த ஊர், ஜரிகை அசலா என்று அது சொல்லாது. 'ஹேண்ட்லூம் மார்க்' கைத்தறி என்று சொல்லும், ஊரைச் சொல்லாது. ஊரைச் சொல்ல வேண்டியது புவிசார் குறியீடு. அதைக் கேட்பவர்தான் குறைவு.

ஜரிகை தனிக் கதை. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, மேலே தங்க முலாம் பூசியது. அதற்குக் கீழே ஹாஃப் ஃபைன், டெஸ்டட், கடைசியில் பிளாஸ்டிக் என்று படிப்படியாக இறங்கும். மின்னுவதில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். 2025-ல் தங்கம் சவரன் 90,000 ரூபாயைத் தாண்டியபோது வெள்ளியும் கூடவே ஏறியது. அசல் ஜரிகைச் சேலையின் விலை ஏறினால் அதற்குக் காரணம் இருக்கிறது. டெஸ்டட் ஜரிகைச் சேலையும் அதே சாக்கில் ஏறினால்? கேள்வி கேட்க வேண்டியது நாம்தான்.

சேலையைக் கெடுக்காமல் ஜரிகையில் என்ன உலோகம் எவ்வளவு என்று காட்டும் எக்ஸ்.ஆர்.எஃப். இயந்திரம் இருக்கிறது. நகைக்கடையில் தங்கத்தைச் சோதிக்கும் அதே தொழில்நுட்பம். லட்ச ரூபாய்ச் சேலைக்கு அந்தச் சோதனைச் சீட்டைக் கேட்பதில் வெட்கம் என்ன? வீட்டில் ஒரு இழையை எரித்துப் பார்க்கலாம். முடி கருகும் வாசனை வந்து சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு, உருகி மணி மாதிரி இறுகினால் பாலியஸ்டர். கோர்வையைத் தெரிந்துகொள்ள சேலையைப் பின்பக்கம் திருப்பி, கரையும் உடலும் சேரும் இடத்தைப் பாருங்கள். உடலின் ஊடை நூல் கரைக்குள் ஓடாமல், இரண்டும் கோத்துக்கொண்ட தடம் தெரியும். எல்லாவற்றையும் விட, "கைத்தறி, கோர்வை, ஜரிகை இன்ன ரகம்" என்று பில்லில் எழுதிக் கேளுங்கள். எழுதிக் கொடுக்கத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது.

ஊரில் இறங்கியதும் ஆட்டோ அழைத்துப் போகும் இடமெல்லாம் 'சொசைட்டி' இல்லை என்பதும் ஞாபகம் இருக்கட்டும். காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா, திருவள்ளுவர் என்ற பேர்களில் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. கேட்டால் சங்கம் போலவே ஒலிக்கும் தனியார் கடைகளும் உண்டு. இங்கேயும் பேர்தான் வேலை செய்கிறது.

விசுவாசம் யாருக்குப் போகிறது?

மூன்று தலைமுறையாக ஒரே கடைக்கு வரும் குடும்பத்தின் விசுவாசம் பொய் இல்லை. நல்ல கடைகள் அதைக் காப்பாற்றியும் வந்திருக்கின்றன. ஆனால் அது கடை வாசலோடு நின்றுவிடுகிறது. நெசவாளருக்குச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. அதே சேலை ஏ.சி. ஷோரூமில் என்ன விலைக்குப் போனாலும் அந்தக் கூலி மாறாது. பேருக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பிள்ளையார்பாளையம் தெருக்களுக்குத் திரும்பி வருவது என்ன என்று பார்த்தால், அடுத்த தலைமுறை ஏன் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறது என்பது புரியும். மாதச் சம்பளம், பி.எஃப்., கேன்டீன். தறிக்குழியில் அது எதுவும் இல்லை.

எனவே காஞ்சிப் பட்டு ஊதிப் பெருக்கப்பட்ட சரக்கா என்றால், என் பதில் இல்லை. கையால் கோத்த கோர்வையும் அசல் ஜரிகையும் உள்ள சேலை அதன் விலைக்குத் தகுதியானதுதான். பெருத்துப் போயிருப்பது அந்தப் பேரை மட்டும் ஒட்டிக்கொண்டு வரும் மற்ற சேலைகள்.

இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்த ஒருவர் நம் தெருவுக்கே வருகிறார். "பழைய பட்டுச் சேலை வாங்குறது..." என்று குரல் கொடுத்துக்கொண்டு போவாரே, அவர்தான். அம்மாவின் முகூர்த்தச் சேலையைக் கொடுத்துப் பாருங்கள். எந்தக் கடை என்று கேட்க மாட்டார். கரையை விரலில் உரசி, ஜரிகையில் வெள்ளி எவ்வளவு தேறும் என்று மட்டும் பார்ப்பார். சில சேலைக்கு உடனே ஒரு தொகை சொல்வார். சிலதை மடித்துத் திரும்ப நம் கையிலேயே கொடுத்துவிடுவார்.