தலைப்பாகையோடு போனதையும் எழுதி வைப்போம்

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்புவது நம் வழக்கம். கொழுந்து மலையில் குளவிக்கூடு கலைந்து, கொட்டு வாங்காமல் ஓடித் தப்பினால் அப்படிச் சொல்கிறோம். ஸ்டோரில் ரோலருக்குள் சேலைத் தலைப்பு சிக்கி, கிழிந்ததோடு நின்றாலும் அதையேதான் சொல்கிறோம். கோயிலில் ஒரு தேங்காய் உடைப்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அடுத்த வாரம் அதே இடத்தில் இன்னொருவர் தப்பாமல் போகும்போதுதான் துரை வருகிறார், பொலிஸ் வருகிறது, நாமும் கொடியோடு போகிறோம்.

இந்த இதழில் பாதுகாப்பைப் பற்றி எழுதும் போதெல்லாம் கையுறை, பூட்ஸ், முகமூடி கேட்டு எழுதுகிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் ஒடிட் வரும் நாளில் பெட்டியிலிருந்து வெளியே வந்து, ஒடிட்காரர் வாகனம் கேட்டைத் தாண்டியதும் பெட்டிக்குள் திரும்பும் முகமூடிகளை எத்தனை தோட்டங்களில் பார்த்திருக்கிறோம்! சுவரில் முதலுதவிப் பெட்டி இருக்கும், சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. பதிவேட்டில் எல்லாம் சரியாக இருக்கும். அதனால் நான் கேட்பது வேறொன்று. ஆபத்தைக் கண்டு "இங்கே வேலை செய்ய முடியாது" என்று சொன்னவருக்குப் பேர் குறையக்கூடாது.

சென்ற பாடசாலை விடுமுறையில் திருகோணமலையில் நடந்த தொழிற்சங்க வகுப்பொன்றுக்குப் போயிருந்தேன். துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்குகிறவர்கள், சீனக்குடாப் பக்கத்து ஆலைகளில் ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்கிறவர்கள், தோட்டங்களிலிருந்து போன நாங்கள் என்று கலந்து இருந்தோம். சரக்கு இறக்கும் வயதான அண்ணன் ஒருவர் எழுந்து, கப்பலின் அடித்தட்டு மூடியைத் திறந்த கையோடு யாரும் உள்ளே இறங்கக்கூடாது என்றார். தானியமோ மரமோ நிலக்கரியோ அடைத்துக் கிடக்கும் இடத்தில் ஒட்சிசன் குறைந்துபோகும். நாம் மூச்சு விடும் காற்றில் அது ஏறத்தாழ 21 வீதம். பாதியாகக் குறைந்தால் ஆள் மயங்கி விழுவார். மணமும் இருக்காது, நிறமும் இருக்காது. விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார்.

2018 ஏப்ரலில் ஹொரணை, பெல்லபிட்டியவில் இறப்பர் தொழிற்சாலை ஒன்றில் நடந்தது இந்த வகை விபத்துத்தான், அங்கே அமோனியா. தாங்கிக்குள் விழுந்த ஒரு தொழிலாளியைக் காப்பாற்ற மற்றவர்கள் இறங்கினார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். இறங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கூட வேலை செய்கிறவன் துடிக்கும்போது கைகட்டி நிற்க யாரால் முடியும்? இறங்குகிறவனின் இடுப்பில் கயிறு, வெளியே அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர், மூச்சுக்கருவி இல்லாமல் மீட்கப் போகாதே என்ற பழக்கம், இவை ஒவ்வொரு மாதமும் செய்து பார்த்திருந்தால்தான் அந்த நிமிடத்தில் நினைவுக்கு வரும். சுவரில் ஒட்டிய அறிவித்தல் அப்போது நினைவுக்கு வராது.

அண்ணனிடம் நான் கேட்டேன்: "மூடி திறந்தவுடன் இறங்கு என்று மேற்பார்வையாளர் சொன்னால் மறுப்பீர்களா?" அவர் சிரித்தார். பக்கத்தில் இருந்த பையன்தான் பதில் சொன்னான்: "மறுத்தா நாளைக்குக் கூப்பிட மாட்டாங்க சேர்." விதி அந்த அறையில் எல்லோருக்கும் மனப்பாடம். அதைச் சொல்லும் துணிவுக்குத்தான் கூலி வெட்டு.

அதே மாவட்டத்தில் கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பாலம் கட்டும் வேலை நடந்ததால் மக்கள் படகுப்பாதையில் களப்பைக் கடந்தார்கள். 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர் இறந்தார்கள், அவர்களில் சிறுபிள்ளைகளும் உண்டு. பிறகு யார் அனுமதி கொடுத்தது, யார் கொடுக்கவில்லை என்று பெரிய வாக்குவாதம், கைதுகள். ஒரு ஆசிரியனாக எனக்கு அந்த வாக்குவாதம் எரிச்சலைத்தான் தந்தது. அனுமதிக் கடிதம் இருந்திருந்தால் அந்தப் படகு மிதந்திருக்குமா? பாடசாலைக்குப் போக வேறு நேர்வழி இல்லாத பிள்ளை அதில் ஏறாமல் என்ன செய்யும்?

எழுத்தில் எச்சரிக்கை இருந்தும் பயனில்லாமல் போனதற்கு நம் மலையிலேயே மீரியபெத்தை இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்தது. 2014 ஒக்டோபர் 29 அன்று லயங்கள் மண்ணுக்குள் போயின.

இப்போது நம் கொழுந்து மலைக்கு வருவோம். காலையில் ஒரு அக்கா நிரையில் குளவிக்கூட்டைக் காண்கிறார். கங்காணியிடம் சொன்னால் அந்த மலை நிறுத்தப்படும். வேறு மலைக்கு நடந்து போய்ச் சேர ஒரு மணி நேரம் போகும், கொழுந்து நிறை குறையும், அரைப் பேர்தான் விழும். சொன்னவரைப் பார்த்து மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். அடுத்த முறை அவர் பார்த்தும் பார்க்காததுபோல் எட்டி நின்று பறிப்பார். இதை அறியாமை என்றும், தோட்ட மக்களுக்குப் பாதுகாப்பு உணர்வில்லை என்றும் பேசுகிற உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து அது கணக்கு. அரைப் பேருக்கு எத்தனை கிலோ மா வாங்கலாம் என்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

சட்டம் இங்கே பாதி வழிதான் வருகிறது. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஸ்டோருக்குள் பொருந்தும், கொழுந்து மலைக்குப் பொருந்தாது. நட்டஈட்டுச் சட்டம் 1934லிருந்து இருக்கிறது. 2022இல் அதைத் திருத்தி, உச்சத்தொகையை 20 இலட்சமாக்கினார்கள், வேலைக்குப் போகவர நடக்கும் விபத்தையும் சேர்த்தார்கள். நல்லது. ஆனால் அது கையோ உயிரோ போன பிறகு வரும் காசு. போவதற்கு முன் நிற்கும் உரிமையைப் பற்றி சர்வதேச தொழில் அமைப்பின் 155ஆம் இலக்கச் சமவாயம் பேசுகிறது: உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையை விட்டு விலகியவரைத் தண்டிக்கக்கூடாது. 2022 ஜூனில் அந்தச் சமவாயத்தை அடிப்படைச் சமவாயங்களில் ஒன்றாக்கிவிட்டார்கள். அதில் கையொப்பமிடாத நாடும் அதன் அடிப்படைக் கொள்கையை மதிக்கக் கடமைப்பட்டது. பேச்சுவார்த்தை மேசையில் சம்பளத்துக்குக் கீழே, கடைசிப் பக்கத்தில் பாதுகாப்பை வைக்கும் நம் தலைவர்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

இப்படி விட்டால் சோம்பேறிகளுக்குத்தான் வசதி, தினமும் குளவி வந்துவிடும் என்று நிர்வாகம் சொல்லும். வரட்டும். கூடு இருக்கிறதா இல்லையா என்று போய்ப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். நிர்வாகத்தின் ஆள் ஒருவரும் தொழிலாளர் தெரிவு செய்த ஒருவரும் சேர்ந்து போய்ப் பார்த்து, இருவரும் கையெழுத்து வைக்கட்டும். பொய் சொன்னவர் அங்கேயே அகப்பட்டுவிடுவார். அந்தத் தொழிலாளர் ஆள் பறிக்கிற பெண்ணாக இருப்பது நல்லது. மாதர் சங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தோன்றவில்லை.

நிர்வாகம் ஒத்துக்கொள்ளும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு டிவிஷனிலும் தலைவரிடம் ஒரு எண்பது பக்கக் கொப்பி இருக்கட்டும். தப்பியதை மட்டும் அதில் எழுதுவோம்: நாள், மலை இலக்கம் அல்லது மெஷின், என்ன நடக்க இருந்தது, யாரிடம் சொன்னோம், அவர் என்ன செய்தார், எத்தனை பேர் குறைந்தது. சொன்னவர் பெயர் வேண்டாம். எழுதத் தெரியாதவர்கள் சொல்ல, மேல்வகுப்புப் பிள்ளைகள் எழுதுவார்கள். எங்கள் பாடசாலைப் பிள்ளைகளிடம் ஏற்கனவே கேட்டுவிட்டேன். மாதக் கடைசியில் ஒரு பிரதி துரைக்கும் ஒரு பிரதி மாவட்டத் தொழில் காரியாலயத்துக்கும் போகட்டும். கொண்டுபோய்க் கொடுக்கும்போது பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்க மறக்காதீர்கள்.