ஆம்பூருக்கு முதலில் வேண்டியது அட்டவணை

தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத், சென்னை–மைசூரு வண்டி, 2022 நவம்பர் 11 அன்று ஓடத் தொடங்கியது. வேலூர்க்காரர்களுக்குக் காட்பாடியில் ஒரு நிறுத்தம் கிடைத்தது. அடுத்த ஏப்ரலில் வந்த சென்னை–கோவை வந்தே பாரத்துக்கோ சென்னையை விட்டால் சேலத்தில்தான் முதல் நிறுத்தம். இரண்டும் குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகத்தான் போகின்றன. நம் ஊரிலும் நின்றால் என்ன என்று தோன்றுவது இயல்பு. ஆனால், ஷூ கம்பெனிக்கும் தோல் ஷாப்புக்கும் தினமும் போய்வருகிற தொழிலாளிக்கு அந்த நிறுத்தத்தால் எந்தப் பயனும் இல்லை. கேட்க வேண்டியது வேறு.

மேல்பட்டியிலோ பச்சகுப்பத்திலோ காலையில் மெமு என்னும் மின்சாரப் பாசஞ்சர் ரயிலுக்குக் காத்திருப்பவர்களைப் பாருங்கள். பெரும்பாலும் பெண்கள். கையில் டிபன் பை, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. மேல்தோல் தைப்பவர்களும் அடிப்பாகம் ஒட்டுபவர்களுமாக, ஐரோப்பிய நகரங்களில் விற்பனையாகும் காலணிகளை உருவாக்கும் கைகள் இவை. வண்டி கால் மணி நேரம் தாமதித்தாலே ஷிப்ட் தவறும், சம்பளத்தில் பிடித்தமாகும் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தால்தான் பலர் ரயிலை விட்டு கம்பெனி பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் நெடுஞ்சாலையில் நெருக்கியடித்துப் போகிறார்கள்.

புது வண்டிகள் வந்தும் இவர்கள் பயணம் ஏன் மேம்படவில்லை? காரணம் தண்டவாளத்தில் இருக்கிறது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் தடத்தின் நீட்சி இது. அரக்கோணத்துக்கு மேற்கே ஜோலார்பேட்டை வரை போக ஒன்று, வர ஒன்று என இரண்டே தடங்கள். சரக்கு வண்டிகளுக்கும் இதுவே வழி. காட்பாடிக்கும் ஆம்பூருக்கும் இடையே சுமார் 50 கி.மீ. மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி அதை 25 நிமிடத்தில் கடந்துவிடும். லத்தேரி, காவனூர், குடியாத்தம், மேலாலத்தூர், வளத்தூர் என்று நின்று நின்று வரும் மெமுவுக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் பிடிக்கும். பின்னால் வேக வண்டி நெருங்கினால் மெமுவை லூப் லைன் எனும் பக்கத் தடத்தில் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். வேக வித்தியாசம் கூடக் கூட, முன்னும் பின்னும் காலியாக விட வேண்டிய நேரமும் கூடும். இரண்டு தடத்தை வைத்துக்கொண்டு வேக வண்டிகளை மட்டும் சேர்த்தால், அதன் விலையைக் கொடுப்பது பாசஞ்சர் பயணிதான்.

இந்தப் பயணி ஏற்கெனவே ஒரு முறை விலை கொடுத்தவர். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளை எக்ஸ்பிரஸ் சிறப்பு வண்டிகளாக்கி, குறைந்தபட்சக் கட்டணத்தை 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக உயர்த்தினார்கள். அது பழையபடி 10 ரூபாயாக 2024 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சுவிட்சர்லாந்து இதைத் தலைகீழாகச் செய்தது. 1987இல் மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் பெற்ற ‘ரயில் 2000’ திட்டத்தில், எந்த ஊரில் எந்த நிமிடம் வண்டிகள் சந்திக்க வேண்டும் என்ற அட்டவணையை முதலில் வகுத்தார்கள். அதற்குத் தேவையான இடத்தில் மட்டும் புதுத் தடம் போட்டார்கள், தேவையான அளவுக்கு மட்டும் வேகத்தைக் கூட்டினார்கள். 2004 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. நம்மிடமோ வண்டி முதலில் வருகிறது. அதற்கு வழிவிட மற்ற வண்டிகளின் நேரம் பிறகு நகர்த்தப்படுகிறது.

இருக்கிற வண்டியைக்கொண்டே அட்டவணையை மேம்படுத்த முடியும் என்பதற்கு உள்ளூரிலேயே சான்று உண்டு. சென்னை கடற்கரையிலிருந்து வந்து இரவெல்லாம் வேலூர் கன்டோன்மென்டில் சும்மா நின்ற மெமுவை 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். ஒரு பெட்டிகூடப் புதிதாக வாங்கவில்லை. அதே யோசனை காட்பாடி–ஜோலார்பேட்டை மெமுவுக்கும் பொருந்தும். மூன்றாவது, நான்காவது தடங்கள் கட்டாயம் வேண்டும், அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் மெமுவை லூப்பில் ஒதுக்குவதில்லை என்று சென்னை கோட்டம் முடிவெடுக்க வேண்டும். வேக வண்டிகள் அதனால் பத்து நிமிடம் தாமதமானால் ஆகட்டும். கம்பெனிகளின் ஷிப்ட் நேரங்களைத் தொகுத்துக் கோட்ட அலுவலகத்துக்கு அனுப்புவது வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை ஆட்சியர்களால் ஒரு வாரத்தில் முடிகிற வேலை. அடுத்த கால அட்டவணை அச்சேறுவதற்கு முன் அந்தப் பட்டியல் அங்கே போய்ச் சேர வேண்டும்.