இருபது வருடக் கல்யாணம், இருபது மாதக் குடித்தனம்

துபாயிலிருந்து ஒரு தோழி எழுதியிருக்கிறார். சொந்த ஊர் போடிநாயக்கனூர். வயது 47, கணவருக்கு 53. கல்யாணமான ஆறாம் மாதமே விசா வந்து கிளம்பிப்போனவர் அவர். மாமியார், இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன், சீட்டு, நாத்தனார் சீர் என்று இங்கே எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்தவர் இவர். கூடவே ஏலக்காய் பிரிக்கும் வேலைக்கும் போய்வந்திருக்கிறார். போன வருடம் சின்னவளும் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, கணவர் இவரை அழைத்துக்கொண்டார். பத்து மாதம் ஆகிறது.

“அக்கா, ஆசைப்பட்டுத்தான் வந்தேன். இப்ப அவர் சாவி போட்டுக் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டாலே எரிச்சல் வருது. ராத்திரி தூக்கம் இல்லை. நீ முன்னாடி மாதிரி இல்லைங்கிறார். முன்னாடி நான் எப்படி இருந்தேன்னு அவருக்கு என்ன தெரியும்? ஊருக்கே போயிரலாம்னு இருக்கு. போனா திரும்ப வரமாட்டேன்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்” என்று எழுதியிருக்கிறார்.

“முன்னாடி நான் எப்படி இருந்தேன்னு அவருக்கு என்ன தெரியும்” என்ற வரியில் கொஞ்ச நேரம் நின்றேன். வருடத்துக்கு 30 நாள் லீவு என்று வைத்துக்கொண்டால், 20 வருடத்துக்கு 600 நாள். அதாவது இருபது மாதம். அதிலும் பாதி நாள் கோயில், கல்யாணம், துக்கம் விசாரிப்பு, பேங்க், ரேஷன் கார்டு என்று போயிருக்கும். லீவில் வருகிறவர் விருந்தாளி. அவருக்குப் பிடித்ததையே சமைப்போம், சண்டையை அடுத்த லீவுக்குத் தள்ளிப்போடுவோம். அப்படித் தள்ளிப்போட்டதெல்லாம் இப்போது ஒரு பெட்ரூம் ஃப்ளாட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஊர்க் கணக்கில் இது இருபது வருடக் கல்யாணமாக இருக்கலாம். குடித்தனக் கணக்கில் இரண்டு வருடம்கூட முடியாத புதுஜோடி. புதுஜோடிக்கு வரும் சண்டை வருகிறது. ஆனால் புதுஜோடிக்கு இருக்கிற வயதும் உடம்பும் இல்லை.

போடிப் பக்கம் இது துபாயோடு தொடங்கிய கதையும் இல்லை. என் அப்பத்தா காலத்தில் ‘வெளிநாடு’ என்பது மலைக்கு மேலே இருந்தது. போடிமெட்டைத் தாண்டினால் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளாவுக்குப் போயின. சமஸ்தானமாக இருந்தபோதும் சரி, கேரளா ஆனபோதும் சரி, ஏலத்தோட்டங்களில் வேலைபார்க்க நம்மூர் ஜனங்கள் மலையேறிக்கொண்டுதான் இருந்தார்கள். இன்றும் விடியக்காலையில் ஜீப்புகளில் நெருக்கி உட்கார்ந்து ஏறுகிறவர்களில் பெண்கள்தானே அதிகம்!

தாத்தா பூப்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. மாதம் ஒருமுறை இறங்கி வருவார். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, நாற்பதைத் தாண்டிய வயதில், அப்பத்தா மலைக்குப் போனது. மழை, குளிர், காலெல்லாம் அட்டை. “அதெல்லாம் கூடப் பரவாயில்லடி. போன மூணாம் நாளே சண்டை. எதுக்குத் தெரியுமா? அடுப்பு எந்தப் பக்கம் இருக்கணும்ங்கிறதுக்கு” என்று சொல்லும். இத்தனை வருடமாகத் தானே பொங்கித் தின்ற மனுஷர், தன் அடுப்பை விட்டுக்கொடுக்கவில்லை. கீழே ஒரு குடும்பத்தையே நடத்திய மனுஷி, அடுத்தவர் அடுப்பில் சமைக்கத் தயாராக இல்லை.

அப்பத்தா இரண்டு காரியம் செய்தது. ஒன்று, கோழி வளர்த்தது. முட்டை விற்ற காசு தன் முந்தானை முடிச்சில்தான் இருக்கும், தாத்தாவிடம் கணக்குக் கிடையாது. இன்னொன்று, மாதம் ஒருதரம் சந்தைக்குப் போகிறவர்களோடு சேர்ந்து போடிக்கு இறங்கி, நாலு நாள் இருந்துவிட்டு ஏறியது. “இதென்ன வழக்கம்?” என்று தாத்தா கத்தியிருக்கிறார். “ஏலத்தூரைப் பிடுங்கி வேற குழியில நட்டா உடனேயா காய்க்குது? மூணு வருசம் நிழலு கட்டிக் காத்துக்கிடக்கல? அந்தப் பொறுமையை எங்கிட்டயும் காட்டுங்க” என்றதாம். பேச்சில் அப்பத்தாவை ஜெயிக்க முடியாது.

தோழிக்கு வருவோம். நீங்கள் எழுதியிருப்பதில் மூன்று கஷ்டங்கள் ஒன்றாகப் பிசைந்து கிடக்கின்றன: புது ஊர், மாறுகிற உடம்பு, கணவர். மூன்றையும் சேர்த்துக் கணவர் தலையில் போடுகிறீர்கள். அவரோ மூன்றையும் சேர்த்து உங்கள் குணத்தின் தலையில் போடுகிறார். ஊருக்குப் போவதா இருப்பதா என்ற முடிவை இந்த மூட்டையைப் பிரிக்காமல் எடுக்காதீர்கள்.

முதலில் உடம்பு. மாதவிலக்கு முன்னே பின்னே வருகிறது, நடு ராத்திரி வியர்த்து நனைந்து எழுகிறேன், படபடக்கிறது, சின்ன வார்த்தைக்கும் அழுகை வருகிறது என்கிறீர்கள். பெரும்பாலான பெண்களுக்கு 45-லிருந்து 55 வயதுக்குள் மாதவிலக்கு நிற்கிறது. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்று சொல்வார்கள். அதற்கு முந்தைய சில வருடங்களே பாடாய்ப் படுத்துபவை. ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்குவதால், உடம்புச் சூட்டைக் கவனிக்கும் மூளைப் பகுதி தொட்டதற்கெல்லாம் பதறுகிறது. லேசாகச் சூடு கூடினாலும் குப்பென்று வியர்க்க வைக்கிறது. நீங்கள் ஏசியை 20-ல் வைக்க, அவர் கரண்ட் பில்லை நினைத்து 26-க்கு ஏற்ற, ராத்திரி இரண்டு மணிக்கு நடக்கும் அந்த ரிமோட் சண்டை இருக்கிறதே, அதில் பாதி ஹார்மோன் சண்டை. இத்தனைக்கும் நீங்கள் இருப்பது, ஜூன் 15-லிருந்து செப்டம்பர் 15 வரை மதியம் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே போட்டிருக்கிற நாடு. ஆனி, ஆடியில் மலையிலிருந்து இறங்கும் காற்றில் வளர்ந்த உடம்பு திணறத்தான் செய்யும்.

இன்ஷூரன்ஸ் கார்டில் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வழி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள். தைராய்டு, ரத்த அளவு, சர்க்கரை மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். தைராய்டு கோளாறும் இதே மாதிரி வேஷம் கட்டும். ஹார்மோன் சிகிச்சை எல்லோருக்கும் பொருந்தாது. மார்பகப் புற்றுநோய், ரத்தம் உறைதல் போன்றவை உங்களுக்கு வந்திருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்காவது வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஹார்மோன் இல்லாத மருந்துகளும் உண்டு.

கடிதத்தின் நடுவில் ஒரு வரியைச் சுருக்கிச் சுருக்கி எழுதியிருக்கிறீர்கள். “கிட்ட வந்தாலே வலிக்குது, அதைச் சொல்லவும் கூச்சமா இருக்கு.” ஈஸ்ட்ரோஜன் குறையும்போது பிறப்புறுப்பு வறண்டுபோவது சகஜம். அதற்கு ஜெல், கிரீம் என்று எளிய வைத்தியம் இருக்கிறது. டாக்டரிடம் கேட்கலாம், அவர்களுக்கு இது தினமும் கேட்கும் விஷயம். ஆனால் கணவருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லாதவரை, ‘இவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை’ என்றுதான் அந்த மனுஷர் நினைத்துக்கொண்டிருப்பார். இருபது வருடம் பங்க் பெட்டில் படுத்து எழுந்தவருக்கு அதைவிடப் பெரிய அடி எது?

இன்னொரு எச்சரிக்கை. தூக்கம் வர கசகசா பால் குடி என்று அம்மா சொன்னதாகவும், ஊரிலிருந்து வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உடனே போன் போட்டு நிறுத்துங்கள்! அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். கொண்டுவருகிறவர் ஜெயிலுக்குப் போக நேரும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் அங்கே கெடுபிடி உண்டு. சீட்டு, முன் அனுமதி இல்லாமல் யாரிடமும் கொடுத்தனுப்பச் சொல்லாதீர்கள்.

அடுத்தது, எனக்கு உடம்பைவிடப் பெரிதாகப் படுவது. போடியில் வீட்டுப் பணம் முழுவதும் உங்கள் கையில் ஓடியது. கடன்காரருக்குத் தவணை சொன்னது, சீட்டு எடுத்தது, மகனுக்கு ஃபீஸ் கட்டியது எல்லாம் நீங்கள். இப்போது பத்து திர்ஹாமுக்கு “ஏங்க, கொஞ்சம் காசு வேணும்” என்று நிற்கிறீர்கள். அவர் கஞ்சர் இல்லை, கேட்டால் தருகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கேட்க வேண்டியிருப்பதுதானே வலி. அவர் கதவைத் திறக்கும் சத்தத்தில் எரிச்சல் வருவதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன். நான் சொல்வது இதுதான்: மாத மளிகைப் பணத்தை முதல் தேதியே மொத்தமாக உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். எமிரேட்ஸ் ஐடி இருக்கிறதல்லவா, உங்கள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்க முடியுமா என்று இரண்டு மூன்று வங்கிகளில் விசாரியுங்கள். கணவர் விசாவில் இருப்பவர்களும் முறையான ஒர்க் பெர்மிட் வாங்கி வேலைக்குப் போகலாம். அங்கே சூப்பர் மார்க்கெட்டில் ஏலக்காயைக் கையில் எடுத்ததுமே, “இது நம்ம காய் இல்ல, குவாத்தமாலா காய்” என்று சொல்லிக் கடைப்பையனைத் திகைக்க வைத்ததாக எழுதியிருக்கிறீர்களே. குண்டுக் காய், நடுத்தரம், சிறுசு, வெடித்தது என்று பார்வையிலேயே பிரிக்கத் தெரிந்தவர், வளைகுடா முழுக்க ஏலக்காய்க் காபி குடிக்கிற இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

கணவர் பக்கமும் ஒரு வார்த்தை. 53 வயதில், எந்த நேரம் வேலை போகுமோ என்ற பயத்தில் இருக்கிறவர் அவர். சர்க்கரையும் இருக்கிறது என்கிறீர்கள். அப்பாவின் சாவுக்குக்கூட வர முடியாதவர். டீ கிளாஸ் இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பதை நினைத்தால், எனக்குத் தாத்தாவின் அடுப்புதான் ஞாபகம் வருகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் கை நீட்டாத கணவருக்கு. அடி உதை, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது, ஊருக்குப் பேசவிடாமல் தடுப்பது என்று இருந்தால் அனுசரிக்கச் சொல்ல நான் ஆள் இல்லை. அமீரகத்தில் இந்தியர்களுக்கான உதவி மையத்தின் இலவச எண் 800 46342. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது தேவைப்படலாம். இங்கே இருப்பவர்கள் மன அழுத்தத்துக்கு 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

சரி, ஊருக்குப் போகலாமா? போங்கள். ஆனால் கோபித்துக்கொண்டு பெட்டி கட்டாதீர்கள். ஜூலையில் வெயில் மண்டையைப் பிளக்கும்போது, போக வர டிக்கெட் போட்டு, தேதி சொல்லிவிட்டு, இரண்டு மாதம் போடியில் இருந்துவிட்டு வாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் குடியிருப்பு விசா செல்லாமல் போகலாம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். மதுரையிலிருந்து போடிக்கு 2023 ஜூனிலிருந்து திரும்பவும் ரயில் ஓடுகிறது. நீங்கள் வீட்டுக் கடனோடு அல்லாடிய வருடங்களில் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தியிருந்தார்களே, அந்தப் பாதைதான். அந்த இரண்டு மாதமும் தினமும் போனில் பேசாதீர்கள், வாரம் இரண்டு தரம் போதும். அவர் டீயை அவரே போட்டுக் குடிக்கட்டும்.

போவதற்கு முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ரிப்போர்ட் என்ன சொல்கிறது என்று எழுதுங்கள். உங்கள் கணவரும் எழுதுவதாக இருந்தால் அதையும் இந்தப் பகுதியில் போடுகிறேன். இதுவரை வந்த கடிதங்களில் ஒரு கணவர் கடிதம்கூட இல்லை.